மூச்சு வாங்குகிறவரிடம் மூச்சைப் பிடிக்கச் சொன்னால்

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள் இருளர் பெண்கள். இறாலைப் போடும் பறி பல்லில் தொங்கும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் வாய்தான் மூன்றாவது கை. மூச்செல்லாம் மூக்கு வழியாக.

அப்படி உழைத்த ஒருவருக்கு இதயம் தளர்ந்துவிட்டதென்று வையுங்கள். பொன்னேரிக்கு வந்து மின்சார ரயில் பிடித்து, சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எதிரே ஜி.எச். எனும் அரசு பொது மருத்துவமனை. இதயத் தசையில் தழும்பு எங்கே இருக்கிறது என்று கத்தி வைக்காமல் காட்டுவதில் எம்.ஆர்.ஐ.க்கு நிகர் குறைவு. ஆனால் குழாய்க்குள் படுத்ததும் ஹெட்போனில் குரல் வரும்: "மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே பிடிங்க." பத்துப் பதினைந்து வினாடி. கொஞ்சம் இளைப்பாறியதும் மறுபடி. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது என்று வந்தவரிடம் இதைக் கேட்பது எனக்கு எப்போதும் விநோதமாகவே படுகிறது.

கேட்பதற்குக் காரணம் உண்டு. செல்போன் போல ஒரே நொடியில் படம் எடுக்கும் கருவியல்ல இது. பல துடிப்புகளில் துண்டு துண்டாகச் சேகரித்துத்தான் ஒரு படம் ஆகிறது. துடிப்பின் கணக்கை நெஞ்சில் ஒட்டிய இ.சி.ஜி. ஒயர்கள் பார்த்துக்கொள்ளும். மூச்சின் கணக்கு வேறு. சாதாரண மூச்சிலேயே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கி, இதயத்தையும் கூட இழுக்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் அகலமோ மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். மூச்சைப் பிடிக்காவிட்டால் படம் கலங்கிவிடும்.

1989இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த எஹ்மனும் ஃபெல்ம்லீயும் வேறு வழிக்கு வித்திட்டார்கள். 'நேவிகேட்டர்' என்று பெயர். கல்லீரலுக்கு மேலே உதரவிதானம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கருவியே அடிக்கடி எட்டிப் பார்க்கும். மூச்சை விட்டு முடித்த நிலைக்கு அருகே, ஐந்து மில்லிமீட்டர் போன்ற ஒரு சிறு இடைவெளிக்குள் இருந்தால் மட்டும் அந்தத் துண்டை ஏற்கும்; இல்லாவிட்டால் தள்ளிவிடும். முகத்துவாரத்தில் இரண்டு அலைக்கு நடுவே படகைத் தள்ளக் காத்திருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். காத்திருப்பின் விலையும் அவருக்குத் தெரியும்: எடுத்ததில் பாதிக்கு மேல் வீணாகலாம், நேரம் இழுக்கும்.

1995இல் இன்னொரு கணக்கு வந்தது. உதரவிதானம் 10 மில்லிமீட்டர் இறங்கினால் இதயம் சராசரியாக 6 மில்லிமீட்டர் இறங்குகிறது. அந்த அளவுக்குப் படமெடுக்கும் இடத்தையும் நகர்த்திவிடலாம். சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் இப்போது உதரவிதானத்தை விட்டுவிட்டு, இதயத்தின் அசைவையே அளக்கும் முறைகள் வந்திருக்கின்றன. எதையும் தள்ளுவதில்லை, மூச்சின் ஒவ்வொரு நிலைக்கும் துண்டுகளைப் பிரித்து, நகர்ந்ததைக் கணினியில் இழுத்துப் பொருத்துகிறார்கள். பாரம் நோயாளியின் நெஞ்சிலிருந்து கணினிக்கு மாறுகிறது. வேலை அதிகம்தான், ஆனால் கணினிக்கு மூச்சு வாங்காது.

இயல்பாக மூச்சுவிடச் சொன்னாலும் ஒரு சிக்கல் உண்டு. விடியுமுன் எழுந்தவர் அந்தக் கடகட சத்தத்திலும் கண்ணயர்ந்துவிடுவார். தூக்கத்தில் மூச்சின் போக்கே மாறி, உதரவிதானம் பழைய இடத்துக்குத் திரும்பாது. அப்போது ஹெட்போனில் வரும் குரல் வேறு மாதிரி இருக்கும்: "அம்மா, தூங்கிடாதீங்க."