சுழி தெரியட்டும்!
கள்ளக்குறிச்சி, கருணாபுரம் பகுதிக் குழந்தைகள் படிக்கும் என் வகுப்பறைக்குக் கணினியில் ஒரு பலகை தயாரித்தேன். விண்வெளிப் படத் தலைப்பைப் போல, கோடும் வட்டமுமாக அமைந்த தடித்த எழுத்துரு. 'இன்றைய பணி' என்பதை இரண்டாம் வகுப்பு மாணவி 'இன்றைய பனி' என்று படித்தாள். தவறு அவளுடையதன்று, சுழிகள் ஒட்டிப்போய் ண, ன இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

பால் ரென்னர் வடிவமைத்து 1927இல் வெளிவந்த ஃபியூச்சரா எழுத்துரு, வடிவியல் உருவங்களை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கில 'ஓ'வுக்கு ஒரு வட்டம் போதும். தமிழில் சுழியின் எண்ணிக்கையே எழுத்தை மாற்றிவிடும். 'ர'வும் துணைக்காலும்கூட எளிதில் மயங்கும்.

ஆகவே, இத்தகைய எழுத்துருக்களை விழாப் பதாகையின் ஓரிரு பெரிய சொற்களோடு நிறுத்துவோம். வாசிப்பு அட்டைகளுக்குச் சுழி தெளிந்த எழுத்துருவே ஏற்றது. அச்சிடும் முன் 'பணி, பனி' எனத் தட்டச்சு செய்து, கடைசி வரிசையில் அமர்ந்து நாமே படித்துப் பார்ப்போம்.