பழைய கைத்துப்பாக்கி பயனற்றதா?

ஒரு கருவி பழமையடைந்தால் அதன் ஆற்றலும் குன்றிவிடும் என்பது பொதுவான எண்ணம். நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது. இன்று நம் பாறசாலை வழியே மின்சார எஞ்சின் ஓடுகிறது. கைத்துப்பாக்கியும் இவ்வாறு மாறிவிட்டதா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் சந்திப்பில், திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றான். பின்னர் தன்னையும் சுட்டுக்கொண்டு உயிர் நீத்தான். அவன் பிறந்த செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. நம் நெய்யாற்றின்கரையும் அதே சமஸ்தானத்தில்தான் இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிலைத்தது.

வாஞ்சியின் கையிலிருந்தது பெல்ஜியம் நாட்டில் செய்யப்பட்ட பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. அதன் வகையை வகுத்தவர் ஜான் பிரவுனிங் என்னும் அமெரிக்கர். 1914ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரின் உயிரைப் போக்கி, முதல் உலகப் போருக்கு வித்திட்டதும் பிரவுனிங் துப்பாக்கியே. ஆஷ் கொலையுண்ட அதே 1911ஆம் ஆண்டில், பிரவுனிங் வகுத்த மற்றொரு கைத்துப்பாக்கியை அமெரிக்கச் சேனை ஏற்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, 1985 வரை, அதுவே அச்சேனையின் முறையான கைத்துப்பாக்கியாக விளங்கிற்று.

அத்துணை நீண்ட ஆயுளுக்குக் காரணம் அதன் அமைப்பே. குண்டு வெளிப்படும்போது குழலும் அதன் மேலுள்ள உறையும் ஒன்றாய்ப் பிணைந்து சிறிது தூரம் பின்னே நகரும். பின்னர் குழலின் பின்பகுதி தாழ்ந்து பிணைப்பு விடுபடும். உறை மட்டும் மேலும் பின்சென்று, வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து, மீண்டு வருகையில் அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் செலுத்தும். 1982இல் ஆஸ்திரியச் சேனை ஏற்ற கிளாக் துப்பாக்கியும், இன்று செய்யப்படும் கைத்துப்பாக்கிகளுள் பெரும்பாலானவையும் இம்முறையிலேயே இயங்குகின்றன. நம் நாட்டில் இஷாப்பூர் தொழிற்சாலை செய்துவந்த 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியும், 1935இல் வெளிவந்த பிரவுனிங் வகையின் வழிவந்ததே.

ஆயின் புதியதில் மேன்மை இல்லையோ எனின், மூன்று மேன்மைகள் உண்டு. முதலாவது, கொள்ளளவு. 1911ஆம் ஆண்டு வகையின் தோட்டாப் பெட்டி ஏழு தோட்டாக்களைக் கொள்ளும். கிளாக் பதினேழைக் கொள்ளும். இரண்டாவது, எடை. முன்னது ஒரு கிலோவுக்கு மேற்பட்டது. உறுதியான பிளாஸ்டிக் கலந்து செய்யப்படும் பின்னது, தோட்டாக்கள் நீங்கலாக, முக்கால் கிலோவுக்கும் குறைவே. மூன்றாவது, காப்பு. பழைய வகைகள் பலவற்றில், துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தால் தானே வெடிக்கும் அபாயம் உண்டு. இதனாலேயே பழைய சுழல் துப்பாக்கிகளில் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவது அனுபவசாலிகளின் வழக்கமாயிருந்தது. விசையை இழுத்தாலன்றி வெடிக்காதவாறு தடுக்கும் காப்புகள் புதியவற்றுள் அமைந்துள்ளன.

ஆகவே, எளிதாகச் சுமக்கவும் பலமுறை சுடவும் புதியது ஏற்றது. வைத்திருப்பவருக்கும் அதுவே பாதுகாப்பானது. ஆனால் எதிரே நிற்பவரின் உயிருக்கு இரண்டும் ஒன்றே. நூறாண்டு கடந்த துப்பாக்கியும், துருவேறாது பேணப்பட்டு உரிய தோட்டாவும் கிடைப்பின், அன்று செய்ததை இன்றும் செய்யவல்லது.

இவ்வுண்மை எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு வெறும் செய்தியன்று. 2020ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் இரவு, பாறசாலைக்கு அடுத்த களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காவலிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் இடம் அது. சிறு கருவி ஒன்று ஒரு குடும்பத்தின் விளக்கை நொடியில் அணைத்துவிட்டது.

முன்னோர் உரிமம் பெற்று வைத்திருந்த துப்பாக்கி சில வீடுகளில் இருக்கக்கூடும். 'பழையதுதானே, இனி என்ன செய்யும்?' என்று அதனைப் பெட்டியடியில் கிடத்துவது பெரும் பிழை. குழந்தைகள் விளையாட்டாய் எடுத்தாலும், கைதவறி விழுந்தாலும் விபரீதம் நேரலாம். உரிமையாளர் காலமானாலும் உரிமம் காலாவதியானாலும், தாமதியாது அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ அதனை ஒப்படைக்க வேண்டும் என்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதி. 'பெரியவர் நினைவாக இருக்கட்டும்' என்று தயங்குதல் கூடாது. அவர் நினைவைப் போற்ற வேறு பொருள்கள் இல்லத்தில் இல்லாமற் போகா. அன்பர்கள் இன்றே தம் இல்லத்துப் பழம்பெட்டிகளை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.