முகம் தேய்ந்த சிலை எந்த சாமி? மாமல்லபுரம் சிற்பங்களை அடையாளம் காண்பது எப்படி?

உப்புக்காற்று என்ன செய்யும்னு பழவேற்காடு ஏரிப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்துல யாரையும் கேட்கலாம். இரும்பு துருப்பிடிக்கும், சுவர்ப் பூச்சு உதிரும். அதே கடற்கரையில், சென்னையைத் தாண்டி தெற்கே இருக்கும் மாமல்லபுரத்தில் அந்தக் காற்று சாமி சிலைகளின் முகத்தையே அழித்துக்கொண்டிருக்கிறது.

முகம் இல்லாவிட்டால் எந்த சாமி என்று எப்படித் தெரியும்?

பல்லவர் காலச் சிற்பிகள் முகத்தை மட்டும் நம்பிச் செதுக்கவில்லை. கையில் இருக்கும் ஆயுதம், உட்கார்ந்திருக்கும் விதம், வாகனம், பக்கத்தில் இருப்பவர்கள் என எல்லாமே அடையாளம்தான்.

இதைப் புரிந்துகொள்ள மாமல்லபுரம் லைட்ஹவுஸ் அருகே உள்ள மகிஷாசுரமர்த்தினி குகைக்குப் போகலாம். (லைட்ஹவுஸ் வருவதற்கு முன்பு, குகைக்கு மேலே உள்ள ஓலக்கணேஸ்வரர் கோயில்தான் கப்பல்களுக்கு வழிகாட்டியது.) உள்ளே ஒரு சுவரில் எட்டுக் கைகளுடன் துர்க்கை. சங்கும் சக்கரமும் அவள் கையிலும் உண்டு. அதை மட்டும் பார்த்தால் விஷ்ணு என்று நினைத்துவிடுவோம். ஆனால் அவள் ஏறி வரும் சிங்கமும், எதிரே எருமைத் தலையுடன் கதையைப் பிடித்துப் பின்வாங்கும் மகிஷனும் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறார்கள்.

எதிர்ச்சுவரில் பாம்பணையில் படுத்திருப்பவர் விஷ்ணு. நடுக் கருவறையில் சிவன், உமை, இருவருக்கும் இடையே குழந்தை முருகன். இதுதான் சோமாஸ்கந்தர்.

இப்போ கடற்கரைக் கோயிலுக்கு வாங்க. 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. இங்கேயும் சோமாஸ்கந்தர் உண்டு, பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட விஷ்ணுவும் உண்டு. குகைக்குள் பாதுகாப்பாக இருந்த சிற்பங்கள் இன்றும் தெளிவாக உள்ளன. இங்கே வெளிச்சுவர்களில் பல உருவங்கள் வெறும் கோடுகளாகிவிட்டன.

கல் எப்படித் தேய்கிறது?

கல்லின் நுண்துளைகளில் உப்பு நீர் இறங்குகிறது. காய்ந்ததும் உப்பு படிகமாகி உள்ளிருந்தே தள்ளுகிறது. கல் பொடிப்பொடியாக உதிர்கிறது. மணலை வாரி அடிக்கும் காற்றும் தன் பங்குக்குத் தேய்க்கிறது.

தடுக்க முடியாதா? அலையைத் தடுக்கப் பாறைகள் கொட்டப்பட்டன, காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் வைக்கப்பட்டன. தொல்லியல் துறையினர் ஈரமான காகிதக் கூழைக் கல்லில் அப்பி வைக்கிறார்கள். கூழ் காயும்போது உள்ளே இருக்கும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்பு மறுபடியும் ஏறும், கூழும் மறுபடி அப்ப வேண்டும்.

நேரில் போகிறவர்கள் குகையை முதலில் பாருங்கள். அங்கே முழுசாகப் பார்த்த சோமாஸ்கந்தரை, கடற்கரைக் கோயிலின் தேய்ந்த சுவரில் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்.