கருவூலக் கணக்கும் உள் நிதிக் கட்டுப்பாடும்

கருவூலக் கணக்கு முறை என்பது இந்திய மாநில அரசுகள் தமது வரவு செலவுகளைப் பதிவு செய்யும் முறையாகும். பணம் கைமாறும்போதே பதிவு செய்யப்படுவதால் இது ரொக்க அடிப்படையிலானது. ஒவ்வொரு செலவும் ஒரு கணக்குத் தலைப்பின் கீழ் வரும். பெருந்தலைப்புகள் நான்கு இலக்க எண்களால் குறிக்கப்படுகின்றன. 2202 பொதுக் கல்வி, 2403 கால்நடை பராமரிப்பு.

அரசமைப்புச் சட்டத்தின் 204ஆம் பிரிவின்படி, சட்டமன்றம் ஒதுக்கீடு செய்யாமல் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியாது. இதை நடைமுறையில் காப்பது வேலைப் பிரிவினையே. செலவுக்கு ஒப்புதல் அளிப்பவர் ஒருவர். பட்டியல் தயாரித்துக் கையொப்பமிடுபவர் பணம் பெற்று வழங்கும் அலுவலர். கருவூல அலுவலர் அதைச் சரிபார்த்துப் பணம் வழங்க அனுமதிக்கிறார். கருவூலம் அனுப்பும் பற்றுச்சீட்டுகளைக் கொண்டு மாநிலக் கணக்காயர் மாதக் கணக்கைத் தொகுக்கிறார். துறையினர் தம் பதிவேட்டை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சலிப்பூட்டும் இந்த ஒப்பீட்டு வேலைதான் பல அலுவலகங்களில் நிலுவையில் கிடப்பது. பிழையும் மோசடியும் முதலில் தென்பட வேண்டிய இடமும் அதுவே.

இந்தச் சங்கிலி அறுந்ததற்குப் பிகார் மாட்டுத்தீவன ஊழல் தெளிவான சான்று. கால்நடைத் துறையின் பெயரில் போலிப் பட்டியல்கள் மூலம், பட்ஜெட் ஒதுக்கீட்டை மீறிப் பல ஆண்டுகள் பணம் எடுக்கப்பட்டது. ஒப்புதல் தருவோர், பட்டியல் இடுவோர், கருவூலத்தார் எனத் தனித்தனியே நிற்க வேண்டியவர்கள் கைகோத்ததால் வேலைப் பிரிவினை பெயரளவில் மட்டுமே இருந்தது. ஆயினும் மிகைச் செலவு அரசின் கணக்கிலேயே எண்களாக இருந்தது. அதன்மேல் உரிய காலத்தில் நடவடிக்கை இல்லை. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் நடந்த சோதனைக்குப் பிறகே விவகாரம் வெடித்தது. சரக்கு ஏற்றியதாகக் காட்டப்பட்ட லாரிகளின் பதிவு எண்களில் சில ஸ்கூட்டர்களுக்கு உரியவை. சாய்பாசா கருவூலத்தில் சுமார் 37.7 கோடி ரூபாய் எடுக்கப்பட்ட வழக்கில், 2013இல் ராஞ்சி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் முன்னாள் முதலமைச்சர்கள் இருவர் உள்ளிட்டோரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

ஒதுக்கீட்டை மீறிய செலவைப் பின்னர் சட்டமன்றத்தின் முன் வைத்து முறைப்படுத்த 205ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் அது செலவு முடிந்த பிறகு வரும் வழி. இன்று பல மாநிலங்களில் பட்டியல்கள் கணினி வழியாகவே கருவூலத்துக்குச் செல்கின்றன; தலைப்பில் இருப்பு இல்லையெனில் மென்பொருளே பட்டியலைத் தடுத்துவிடும். தீவனம் உண்மையில் வந்து இறங்கியதா என்பதற்கு மட்டும் இருப்புப் பதிவேடும் நேரடி ஆய்வும்தான் வேண்டும்.