உணவுக்கு அரண் எது? கனமூலைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

நாடொன்றின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எல்லையையும் படையையுமே கருத்திற் கொள்வர். நாட்டின் இலக்கணம் கூறவந்த திருக்குறளோ பசி, பிணி, பகை ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து, அவை சேராது இயங்குவதே நாடு என்கிறது. இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல. பயிருக்கோ வளர்ப்புயிருக்கோ வரும் பிணி, பகையைப்போல் உட்புகுந்து பசியில் முடிவதுண்டு. அவ்வாறாயின் உணவு உற்பத்திக்கு அரணாக அமைவது எது? இவ்வினாவைப் புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கனமூலை, மதுரங்குளியை அண்மித்த கரையோரக் கிராமமாகும். இப்பகுதியின் வாழ்வு தென்னையையும் களப்பையும் சார்ந்தது. குருநாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களை உள்ளடக்கிய தென்னை முக்கோணத்தின் ஒரு கோணத்தில் இது அமைந்துள்ளது. புத்தளக் களப்பைத் தெற்கேயுள்ள முந்தல், சிலாபக் களப்புகளுடன் இணைப்பது ஒல்லாந்தர் கால்வாய். ஒரு காலத்தில் வணிகப் பண்டங்கள் சென்ற இந்நீர்வழி, பிற்காலத்தில் நோய் செல்லும் வழியாகவும் மாறியது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நோக்குமுன், இலங்கையின் பழைய அனுபவம் ஒன்றை நினைவுகூர்தல் பொருத்தமாகும்.

1869ஆம் ஆண்டு மலையகக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. சுமார் இருபது ஆண்டுகளுக்குள் நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பயிரான கோப்பி அழிந்தது. 1880 முதல் ஈராண்டுக் காலம் இங்குத் தங்கி இந்நோயை ஆராய்ந்த மார்ஷல் உவோட் என்னும் தாவரவியலறிஞர், அதற்குக் காரணம் ஒரு பங்கசு என நிறுவினார். மலைக்குமேல் மலையாக இடைவெளியின்றி ஒரே பயிர் நடப்பட்டமை நோயின் பரவலுக்குத் துணைபோயிற்று என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். நோயைத் தருவது கிருமியாயினும், அதனைப் பேரழிவாக வளர்ப்பது உற்பத்தி ஒழுங்கமைக்கப்படும் முறையே என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம். தோட்ட முதலாளிகள் கோப்பியை விடுத்துத் தேயிலைக்கு மாறினர். ஆனால் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை.

ஒரு நூற்றாண்டின் பின் இறால் வளர்ப்பு இலங்கைக்கு வந்தது. 1980களில் அந்நியச் செலாவணியை ஈட்டும் நோக்குடன் ஊக்குவிக்கப்பட்ட இத்தொழில், வடமேற்குக் கரையில் விரைந்து பரவியது. முதலிற் பெருங்கம்பனிகளும், அவற்றைத் தொடர்ந்து சிறு முதலீட்டாளரும் களப்பையும் கால்வாயையும் ஒட்டிக் குளங்களை வெட்டினர். கண்டற் காடுகளும் உவர்ச் சதுப்புகளும் குளங்களாயின. சிறு முதலீட்டாளருட் பலர் கடன்பட்டே இத்தொழிலில் இறங்கினர். 1996ஆம் ஆண்டு வெண்புள்ளி நோய் இப்பண்ணைகளைத் தாக்கியது.

இந்நோயின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். இது வைரசினால் உண்டாவது. நோயுற்ற இறாலின் ஓட்டில் வெண்புள்ளிகள் தோன்றும். நோய் வெளிப்பட்ட மூன்று முதல் பத்து நாள்களுக்குள் ஒரு குளத்து இறால்கள் ஏறத்தாழ முழுவதும் மடியக்கூடும். மனிதருக்கு இதனால் தீங்கில்லை; இறாலுக்கோ மருந்தில்லை. 1990களின் தொடக்கத்திற் கிழக்காசியாவில் தோன்றிய இந்நோய், சில ஆண்டுகளில் இந்தியாவையும் இலங்கையையும் அடைந்து, 1999இல் ஈக்குவடோர்வரை சென்றது. இவ்வளவு தொலைவை அது கடந்தமைக்கு இறாலினதும் இறாற் குஞ்சினதும் சர்வதேச வணிகம் முக்கிய காரணமாகும்.

ஒரு பண்ணைக்குள் இவ்வைரசு புகும் வழிகள் பிரதானமாக மூன்று. தாயிறாலிலிருந்து குஞ்சுக்குத் தொற்றி, பொரிப்பகத்திலிருந்து விலைகொடுத்து வாங்கிய குஞ்சுடனேயே வருதல் ஒன்று. நண்டு முதலிய உயிரினங்கள் அதனைச் சுமந்துவருதல் மற்றொன்று. மூன்றாவது நீர். புத்தளக் கரையில் மிகுந்த கேட்டை விளைவித்தது இம்மூன்றாவது வழியே எனலாம். கால்வாயிலிருந்து நீரைப் பெறும் பண்ணையாளர் கழிவுநீரையும் அதே கால்வாயில் விடுகின்றனர். நோயுற்ற குளத்தை ஒருவர் இரவோடிரவாகத் திறந்துவிட்டால், மறுநாள் அயலவரின் நீரிறைக்கும் இயந்திரம் அந்நோயைத் தன் குளத்துக்குள் இழுத்துக்கொள்ளும். குளம் தனியுடைமை, நீர் பொதுவுடைமை. வேலியும் காவலும் குளத்தைக் காக்கலாம்; நீரைக் காக்கமாட்டா. தன் நட்டத்தைக் குறைத்துக்கொள்ள ஒருவர் செய்யும் செயல் ஊர் முழுவதற்கும் நட்டமாகும் முரண்பாட்டை இங்குக் காண்கிறோம்.

இம்முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சிகள் அழிவின் பின்னரே தோன்றின. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. பின்னர் இறால் வளர்ப்புப் பிரதேசம் வலயங்களாகவும் உபவலயங்களாகவும் பிரிக்கப்பட்டு, எவ்வலயத்தில் எம்மாதங்களிற் குஞ்சு விடலாம் என வரையறுக்கும் வளர்ப்புக் கால அட்டவணை நடைமுறைக்கு வந்தது. ஒரு வலயத்தார் வளர்க்கும்போது மற்றொரு வலயத்தார் குளத்தை உலரவிடுவர். அதனால் நீர்வழி மீதான சுமை குறைகிறது. நோய்ச் சங்கிலியும் ஓரிடத்தில் அறுபடுகிறது. குஞ்சுகளை ஆய்வுகூடத்திற் பரிசோதித்தபின் வாங்குதல், நோய் கண்டால் உடன் அறிவித்தல், நோயுற்ற நீரைச் சுத்திகரியாது வெளியேற்றாமை என்பன ஏனைய விதிகள். இவற்றை நடைமுறைப்படுத்துவதிற் பண்ணையாளர் சங்கங்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. அயற்குளத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தலைநகர் அதிகாரியிலும் அயலவரே முதலில் அறிவார் என்பதே இதற்குக் காரணம்.

இவ்வட்டவணை நோயை முற்றாக ஒழித்துவிடவில்லை. எனினும் தனியொருவராற் பெறமுடியாத பாதுகாப்பைக் கூட்டு ஒழுங்கு தரவல்லது என்பதை அது காட்டியது. அதேவேளை அவ்வொழுங்கின் சுமை யாவர்மீதும் சமமாக விழுவதில்லை என்பதையும் மறைத்தலாகாது. பல குளங்களையுடையோர் ஒரு பருவம் காத்திருக்கலாம். கடன்பட்டு ஒற்றைக் குளத்தை நடத்துவோருக்குக் காத்திருத்தலே வட்டியாக வளர்கிறது. நோயை அறிவிப்பவர் நட்டஈடின்றித் தண்டனையை மட்டுமே எதிர்பார்ப்பாராயின் அறிவிக்கமாட்டார். எனவே விதியோடு நிவாரணமும் இணைதல் இன்றியமையாதது.

தென்னையிலும் இத்தகைய நிலையைக் காண்கிறோம். 2006ஆம் ஆண்டளவில் தென்மாகாணத்தில் வெலிகம தென்னை இலை வாடல் நோய் இனங்காணப்பட்டது. நோய் முக்கோணத்தை எட்டாதிருக்கும்பொருட்டு, பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. புத்தளம் மாவட்டத்தின் லுணுவிலையிலேயே தென்னை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. ஆனால் ஆராய்ச்சியாளரின் அறிவு மட்டும் கன்றைத் தடுத்து நிறுத்தாது. உறவினர் வீட்டிலிருந்து ஒரு கன்றை வாகனத்தில் ஏற்றிவர விரும்புபவர், ஏன் அவ்வாறு செய்தலாகாது என்பதை உணர்ந்தாலன்றி எல்லை காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

அபாயம் ஆட்சியாளரின் தீர்மானத்திலிருந்தும் எழலாம் என்பதற்கு 2021ஆம் ஆண்டு சான்றாகும். அவ்வாண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. கமக்காரருடன் கலந்தாலோசனையோ படிப்படியான மாற்றமோ இருக்கவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இதனிடையே சீனாவிலிருந்து தருவிக்கப்படவிருந்த சேதன உரத்தின் மாதிரிகளிற் பயிருக்குக் கேடுவிளைக்கக்கூடிய பற்றீரியாக்கள் உள்ளதாகத் தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவையினர் கண்டறிந்தனர். உற்பத்தியாளர் மறுத்தபோதும், இராசதந்திர நெருக்கடி எழுந்தபோதும் அந்த உரம் நாட்டுக்குள் இறக்கப்படவில்லை. ஆயினும் 2022 சனவரியில் 67 இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்தப்பட்டது. விஞ்ஞானிகளின் முடிவு மண்ணைக் காத்தது. முன்யோசனையற்ற கொள்கை திறைசேரியை வறிதாக்கியது.

இறுதியாக, எவருடைய உணவைக் காக்கிறோம் என்னும் வினாவையும் எழுப்பவேண்டும். புத்தளத்துக் குளங்களில் வளர்ந்த இறாலிற் பெரும்பகுதி அந்நியச் சந்தைக்கே உரியதாயிருந்தது. அதற்காக அழிக்கப்பட்ட கண்டற் காடுகளோ களப்பு மீனும் நண்டும் இனம்பெருகும் இடங்களாக இருந்தவை. அம்மீனே கரையோர மக்களின் அன்றாடக் கறி. ஏற்றுமதியைக் காக்கும் ஏற்பாட்டை மட்டும் உணவுப் பாதுகாப்பு என அழைத்தல் பொருந்தாது. களப்பைக் காத்தலே முதன்மையானது. களப்பு நலமுற்றாற் குளமும் நலமுறும்.

ஆகவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை பின்வருமாறு அமையும். ஒரு தேசத்தின் உணவுக்கு அரணாவன: பொது நீரையும் வித்தையும் பொதுவாகவே காக்கும் உற்பத்தியாளர் அமைப்புகள், அச்சமின்றி உண்மையை உரைக்கும் ஆய்வுகூடங்கள், அறிவித்தவரைக் கைவிடாத அரசு ஆகியனவே. இவற்றுள் ஒன்று குறையினும் மற்றவை நிலைப்பதரிது. கனமூலைக் கரையோரத்துச் சிறு பண்ணையாளர் தம் குளத்தில் முதல் வெண்புள்ளியைக் காணும்போது, மதகைத் திறப்பதா அயலவருக்கு அறிவிப்பதா எனத் தீர்மானிக்கும் அந்த ஒரு பொழுதிலேயே இவ்வரணின் வலிமை சோதிக்கப்படுகிறது. அவர் அறிவிப்பதற்குரிய சூழலை உருவாக்குதல் நம் யாவரதும் கடமையாகும்.