நாற்றம் எப்போது வருகிறது?

வீட்டில் நாற்றம் என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, “எப்போ வருது?” என்றுதான். எங்கே என்ற கேள்வி அதற்கு அப்புறம்.

தென்சென்னையில், நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி சுற்றுவட்டாரத்தில் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். தொழில் கற்றுக்கொடுத்தது என் மாமா. நாற்றத்தை மறைக்கக் கூடாது, பிடிக்க வேண்டும் என்பார். நான் போய்ச் சேருவதற்குள் பெரும்பாலான வீடுகளில் பினாயில், ரூம் ஸ்பிரே, சாம்பிராணி எல்லாம் போட்டுப் பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் ஒருநாள் நிறுத்தச் சொல்வேன். வாசனையின் கீழே ஒளிந்துகொண்ட நாற்றத்தை யாராலும் தேட முடியாது.

“எப்போ” என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரே நாற்றத்தில் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு பழகிவிடுகிறது. அதனால் வீட்டிலேயே இருப்பவர்களுக்கு இடம் சரியாகத் தெரியாது. நேரம் மட்டும் நன்றாக நினைவிருக்கும். இடத்தைத் தேடுவதானால், காலையில் ஜன்னல் திறப்பதற்கு முன் வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். அந்த முதல் சில மூச்சுகளைத்தான் நம்பலாம்.

“ஊருக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து வருது தம்பி” என்றார் நங்கநல்லூர் அம்மா ஒருவர். மகள் குடும்பம் வந்தால் மட்டும் புழங்கும் பாத்ரூம் அந்த வீட்டில் இருந்தது. தரையில் ஜல்லடை மூடிக்குக் கீழே இருப்பதை நாங்கள் நஹானி டிராப் என்போம். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற கதவு அந்தத் தண்ணீர்தான். 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி, கழிப்பறைக் குழாயை வளைத்து அதில் தண்ணீரை நிறுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதே ஏற்பாடுதான். தடுத்து நிற்கும் தண்ணீரின் ஆழம் சுமார் 50 மில்லிமீட்டர். புழங்காத பாத்ரூமில், அதுவும் சித்திரை வெயிலில், அது வற்றிவிடுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் போச்சு, சாக்கடைக் காற்றை அதுவே உள்ளே இழுத்துவிடும்.

அந்த அம்மா வீட்டில் நான் செய்தது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியதுதான். மாதக்கணக்கில் பூட்டி வைப்பதானால், தண்ணீர் ஊற்றியபின் மேலே இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

“மாடியில ஃப்ளஷ் பண்ணினா வருது” என்றால் கதை வேறு. மேலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கும்போது குழாய்க்குள் காற்று இழுபடும். உங்கள் டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். களக் களக்கென்று சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். இதைத் தடுக்கத்தான் மொட்டைமாடி வரைக்கும் வென்ட் பைப் போடுகிறோம். மாடிக்குப் போய்ப் பார்த்தால், தளம் போட வந்தவர்கள் மழைத் தண்ணீர் இறங்குமே என்று அதன் வாயை மூடியிருப்பார்கள். மூடியை எடுத்துவிட்டு, காற்றுப் போக வழியுள்ள கௌல் என்ற தொப்பியை மாட்டினால் சரியாகிவிடும்.

“குழாயைத் திறந்தா வருது” என்றால் ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். டம்ளரில் நாற்றம் இருந்தால் கோளாறு போரிலோ தொட்டியிலோ. டம்ளரில் இல்லையென்றால், தண்ணீர் விழுகிற வாஷ்பேசினின் ஓட்டையில். இது தெரியாமல் தொட்டியைக் கழுவிக் கழுவிச் செலவு செய்தவர்கள் நிறையப் பேர்.

“ஏசி போட்டா வருது” என்றால் அதன் தண்ணீர் போகிற சின்னக் குழாயைத் தொடர்ந்து போங்கள். நேராக டிரெய்னேஜ் பைப்பில் சொருகியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் குழாயைத் திறந்த வெளியில் விட வேண்டும்.

“எப்பவும் வருது” என்பவர்கள் சமையலறை சிங்க்கின் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்து போகிற வெள்ளை வேஸ்ட் பைப் தரைக்குள் இறங்கும் இடத்தில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். நான் அதிகம் அடைத்த ஓட்டை இதுதான். சரியான அளவில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கினால் போதும். பக்கத்திலேயே வெங்காயக் கூடை இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் அழுகிய ஒரே ஒரு உருளைக்கிழங்கு, எலி செத்தது போல நாறும். ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டையும் பாருங்கள். நாற்றம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறதென்றால் செத்த எலியேதான். ஈக்கள் எங்கே மொய்க்கின்றனவோ அங்கே தேடுங்கள், முதலில் பரணில்.

எந்த ஓட்டை என்று தெரியாவிட்டால், எல்லா ஓட்டைகளையும் பிளாஸ்டிக் கவர் போட்டு டேப் ஒட்டி மூடிவிட்டு, ஒரு நாளைக்கு ஒன்றாகத் திறந்து பாருங்கள். நாற்றம் திரும்பிய நாளில் திறந்தது எதுவோ அதுதான்.

இரண்டு நாற்றங்களுக்கு மட்டும் “எப்போ” என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. கேஸ் வாடை முதலாவது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாறும் பொருளைச் சேர்க்கிறார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்தபின் 1906-க்கு போன் செய்யுங்கள். இரண்டாவது, மீன் சமைக்காத வீட்டில் சுவிட்ச் போர்டு பக்கம் வருகிற மீன் வாடை. கீசர், ஏசி மாட்டிய பிளக் சூடேறி பிளாஸ்டிக் கருகும்போது அப்படி வரும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் நாற்றம் போகவில்லையென்றால், வாசலில் இருக்கிற செப்டிக் டேங்க் மேல் கவனம் திரும்பும். அங்கே தேடலை நிறுத்திக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். அழுகிய முட்டை போல நாறுகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் மிகச் சிறிதளவு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம் என்று ஆளுக்குத் தோன்றுகிற நேரம்தான் சாவு நெருங்கும் நேரம். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போன செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் டேங்க்குக்குள் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரியை வரவழையுங்கள், இயந்திரம் உறிஞ்சட்டும். கூடக் கொஞ்சம் பணம் கொடுத்தால் இறங்குகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு நாற்றத்துக்காக இன்னொரு வீட்டில் சாவு விழக் கூடாது.