கரண்டு போச்சு, மார்க்கும் போச்சு!



போன மாதம் நம் கணினி அறையில் நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஸ்கிராட்ச்சில் ஒரு வாய்ப்பாடு விளையாட்டு செய்திருந்தேன். பூனை கேள்வி கேட்கும். பதிலைத் தட்டச்சு செய்யணும். பத்துக்கு எத்தனை என்று அவரவர் பெயரோடு ஒரு பட்டியலில் சேர்ந்துகொண்டே வரும்.

அன்றைக்கு 23 பேர் விளையாடினார்கள். ஏழாம் வாய்ப்பாடு என்றாலே திணறும் ஒரு பாப்பா, முதல் தடவையாகப் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டாள். "டீச்சர்கிட்ட காட்டணும்க்கா, அழிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். டீச்சர் வருவதற்குள் கரண்டு போச்சு. கரண்டு வந்ததும் கணினி வந்தது, பூனையும் வந்தது, பட்டியல் மட்டும் காலி. பாப்பா அழுதுட்டா. சத்தியமா நான் அழிக்கவில்லை. ஆனால் அவளுக்கு அதை எப்படிப் புரிய வைப்பது? அதற்கு முதலில் எனக்குப் புரியணுமே! அதனால்தான் இதைத் தேடிப் படித்தேன்.

கணினிக்கு இரண்டு நினைவகங்கள் உண்டு. ஒன்று ராம். அது சிலேட்டு மாதிரி. வேகமாக எழுதலாம், வேகமாக அழிக்கலாம். கரண்டு போனால் ஈரத்துணியால் துடைத்த மாதிரி சுத்தமாகிவிடும். இன்னொன்று ஹார்ட் டிஸ்க். அது நோட்டு. மூடி வைத்தாலும் எழுதியது அப்படியே இருக்கும். விளையாட்டு ஓடும்போது மார்க், பெயர், பட்டியல் எல்லாம் சிலேட்டில்தான் இருக்கின்றன. நாம் 'சேவ்' கொடுத்தால்தான் நோட்டுக்குப் போகும். நான் கடைசியாக சேவ் செய்தது யாரும் விளையாடுவதற்கு முன்னால். அப்போது பட்டியல் காலி. அதனால் அந்தக் காலிப் பட்டியலே திரும்ப வந்தது.

சரி, ஒவ்வொருவரும் விளையாடி முடித்ததும் தானாகவே சேவ் ஆகிற மாதிரி ஒரு கட்டளை போடலாமே என்று நினைத்தேன். எல்லாக் கட்டைகளையும் தேடிவிட்டேன். அப்படி ஒரு கட்டையே ஸ்கிராட்ச்சில் கிடையாது! ஏன் இல்லை என்பதுதான் சுவாரசியம்.

ஸ்கிராட்ச்சை அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் செய்தார்கள். 2007-இல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். 2013-இல் வந்த இரண்டாம் பதிப்பு இணைய உலாவிக்குள்ளேயே, ஃப்ளாஷ் என்ற மென்பொருளின் உதவியோடு ஓடியது. 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்பு வந்தது. இதற்கு ஃப்ளாஷ் வேண்டாம். (ஃப்ளாஷுக்கே 2020 கடைசியில் மூடுவிழா நடந்துவிட்டது.) நம் பள்ளியில் நெட் இல்லாமல் ஓடுவது இந்த மூன்றாம் பதிப்பின் மேசைக் கணினி வடிவம். ஐகான் தனியாக இருப்பதால் தனி மென்பொருள் என்று நினைக்கிறோம். உள்ளே இருப்பது ஒரு இணைய உலாவிதான்! எலக்ட்ரான் என்ற பெட்டிக்குள் உலாவியையும் இணையப் பக்கத்தையும் சேர்த்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

இணையப் பக்கங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நம்மைக் கேட்காமல் நம் கோப்புகளில் கை வைக்கக் கூடாது. யாரோ முகம் தெரியாதவர் செய்த விளையாட்டைத் திறக்கிறோம், அது நம் கணினியில் இஷ்டத்துக்கு எழுதினால் என்ன ஆகும்? வீட்டுக்கு வந்த விருந்தாளி பீரோவைத் திறக்கிற கதைதான். அந்தப் பழக்கத்தில் பிறந்ததால், மேசைக் கணினிக்கு வந்த பிறகும் ஸ்கிராட்ச் விளையாட்டு தானாக எதையும் நம் டிஸ்க்கில் எழுதாது.

இணையத்தில் 'கிளவுட் மாறி' என்று ஒன்று இருக்கிறது. அதில் வைத்த மதிப்பு ஸ்கிராட்ச்சின் சர்வரில் பத்திரமாக இருக்கும். ஆனால் எண் மட்டும்தான் வைக்கலாம், பெயர் வைக்க முடியாது. நெட் இல்லாத மேசைக் கணினி வடிவத்தில் அது வேலையும் செய்யாது. ஆக, நமக்கு நாமேதான்.

'ஃபைல்' மெனுவில் 'சேவ் டு யுவர் கம்ப்யூட்டர்' கொடுத்தால் எஸ்பி3 என்று முடியும் ஒரு கோப்பு வரும். இதற்குள் பூனையும் கட்டளைகளும் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். சும்மா ஒரு நகல் எடுத்து, அதன் பெயர்க் கடைசியில் எஸ்பி3-க்குப் பதில் ஜிப் என்று மாற்றித் திறந்து பார்த்தேன். படங்கள், ஒலிகள், கூடவே புராஜெக்ட் ஜேசன் என்று ஒரு எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் எறும்பு வரிசை மாதிரி எழுத்துகள். தேடினால் நடுவில் என் பட்டியலின் பெயரும், அதன் பக்கத்தில் பிள்ளைகளின் பெயரும் மார்க்கும்! சேவ் செய்த நிமிடத்தில் பட்டியலில் என்ன இருந்ததோ அதுவும் கோப்போடு சேர்ந்து போகிறது. இதைப் பார்த்ததும் கணினி அறையில் நான் கத்தியது டீச்சருக்கே கேட்டதாம்.

இங்கேயும் நான் ஒரு முறை மாட்டினேன். சேவ் செய்ததை மறுநாள் திறந்தேன். பட்டியல் இருந்தது. பச்சைக் கொடியை அழுத்தினேன். காணோம்! விளையாட்டின் தொடக்கத்தில் 'பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அழி' என்ற கட்டையை நானே போட்டு வைத்திருக்கிறேன். மார்க்கை மட்டும்தான் தொடக்கத்தில் பூஜ்யம் ஆக்கணும். பட்டியலைத் தொடவே கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. திரையில் தெரியும் பட்டியலின் மேல் சுட்டியின் வலது பொத்தானை அழுத்தினால் 'எக்ஸ்போர்ட்' வரும். பட்டியல் தனி எழுத்துக் கோப்பாகிவிடும், வரிக்கு ஒருவர். திரும்பக் கொண்டுவர 'இம்போர்ட்'. ஆனால் அப்போது திரையில் இருக்கிற பட்டியல் போய், கோப்பில் உள்ளதுதான் நிற்கும். பெயருக்கும் மார்க்குக்கும் நடுவில் காற்புள்ளி போடாதீர்கள். நான் போட்டேன். இம்போர்ட் செய்யும்போது எந்தப் பத்தி வேண்டும் என்று கேட்டது. ஒன்று என்றேன். பெயர்கள் மட்டும் வந்தன, மார்க் வரவில்லை. இப்போது சிறு கோடு போடுகிறேன்.

இப்போதெல்லாம் ஐந்து பேருக்கு ஒரு முறை சேவ், வகுப்பு முடிந்ததும் எக்ஸ்போர்ட், அதைப் பென் டிரைவில் ஒரு நகல். கொஞ்சம் எரிச்சலான வேலைதான்.

அந்தப் பாப்பா மறுபடி விளையாடினாள். முதலில் எட்டு வந்தது, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள். அடுத்த வாரம் பத்து. டீச்சரைக் கூப்பிட ஓடுவாள் என்று பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "முதல்ல சேவ் பண்ணுங்கக்கா. நான் பார்க்கணும்" என்றாள்.